கிக் டிரம் இல்லாத பாட்டுக்கும் ஆடுவார்கள்: பெங்களூரு பாரில் தமிழ் இண்டி சனிக்கிழமை

இண்டி பாட்டை, அதாவது சினிமாவைச் சாராமல் கலைஞர்கள் தாங்களே செய்யும் பாட்டை, யாரும் டிஜேவை மனதில் வைத்துச் செய்வதில்லை. ஹவுஸ், டெக்னோ மாதிரி ஆட்ட இசை என்றால் ஆரம்பத்தில் 16 அல்லது 32 பார் (நாலு அடி கொண்ட தாளச் சுற்று) வெறும் டிரம்ஸ் ஓடும், முடிவிலும் அப்படியே. அடுத்த பாட்டை அதன் மேல் நிதானமாக ஏற்றலாம். இண்டியில் பாட்டு ஒரு கிட்டார் மீட்டலில் தொடங்கும், சில நேரம் பாடுபவர் மூச்சை இழுக்கும் சத்தத்திலேயே தொடங்கும். டிரம்மர் வேகத்தைச் சீராக வைக்கும் கிளிக் சத்தத்தைக் கேட்காமல் வாசித்திருப்பார். ஒரு பாட்டு படுக்கையறையில் பதிவானது, அடுத்தது நல்ல ஸ்டூடியோவில். நாலு நண்பர்கள் சேர்ந்து சனிக்கிழமை ராத்திரி ஒரு பாரில் தமிழ் இண்டி போடப் போகிறார்கள் என்றால், வேலையில் முக்கால்வாசி வெள்ளிக்கிழமை ராத்திரியே யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் முடிந்திருக்க வேண்டும்.

பெங்களூரில் இதற்குக் கூட்டம் உண்டு. அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் தலைமுறைகளாக இருக்கும் தமிழர்கள் ஒரு பக்கம், ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலைக்கு வந்த கோவை, மதுரைப் பிள்ளைகள் ஒரு பக்கம். இவர்கள் தனியாக வருவதில்லை, கன்னட நண்பர், மலையாள ரூம்மேட், இந்தி பேசும் ஆபீஸ் கூட்டம் எல்லோரையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். அதனால் நாலில் ஒரு பாட்டாவது தமிழ் அல்லாததாக இருக்கட்டும். தமிழ் நைட் என்று போஸ்டர் ஒட்டிவிட்டு, ஒரு கன்னடப் பாட்டுகூட இல்லாமல் நாலு மணி நேரம் ஓட்டுவது இந்த ஊரில் அழகில்லை. கன்னட ஞானக் கவி சிசுநாள ஷரீப்பின் பாடல்களை ரகு தீட்சித் ராக் வாத்தியங்களோடு பாடியது, ஸ்வராத்மா இசைக்குழுவின் நாட்டுப்புற ராக் எல்லாம் இந்த ஊர்ச் சரக்கு. கிட்டார், தாளம் எல்லாம் நம் பாட்டுகளோடு ஒட்டிப் போகும்.

பாரோடு பேசும்போது முதலில் சம்பளத்தைப் பேசாமல் இடத்தைப் பற்றிப் பேசுங்கள். மூடிய ஹாலா, மொட்டை மாடியா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55. இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் பப் சத்தத்தை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. மாடி பார் என்றால் உங்கள் உச்சக்கட்டம் 9.45-க்குள் முடிந்திருக்க வேண்டும், மொத்த வரிசையும் அதற்கேற்ப மாறும். மூடிய ஹால் என்றால் 1 மணி வரை நேரம் இருக்கிறது, ஆனால் 12.30-க்கே கடைசி ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

உரிமமும் கேட்க வேண்டிய விஷயம். பதிவான இசையைப் பொது இடத்தில் போட பிபிஎல் என்ற அமைப்பின் உரிமம், பாடல் வரி மற்றும் மெட்டுக்கு ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமம், இரண்டும் பார் எடுக்க வேண்டியவை. ஆனால் தானே பாட்டை வெளியிட்ட பல இண்டி கலைஞர்கள் இந்த அமைப்புகளில் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு நேராக ஒரு செய்தி அனுப்பி, எந்த நாள், எந்த இடம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி சொல்வார்கள், நல்ல தரமான ஃபைலையும் அனுப்பிவைப்பார்கள். ஸ்ட்ரீமிங் சந்தா வீட்டில் கேட்பதற்கு மட்டும். பேண்ட்கேம்ப் இணையதளத்தில் கிடைக்கும் பாட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். யூடியூபிலிருந்து உருவிய பாட்டு லேப்டாப் ஸ்பீக்கரில் நன்றாகத்தான் இருக்கும், பெரிய ஸ்பீக்கரில் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) எல்லாம் எண்ணெயில் பொரிவது மாதிரி கேட்கும்.

ஃபைல் 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது ஏஐஎஃப்எஃப் ஆக இருக்கட்டும். பென் டிரைவிலிருந்து பாட்டை ஓட்டும் பழைய டிஜே பிளேயர்கள் ஃபிளாக் வகை ஃபைலைப் படிக்காது. வேவ் ஃபைலில் பாட்டின் பெயர், பாடகர் பெயர் சரியாக ஒட்டாது, திரையில் 'டிராக் 03' என்றே நிற்கும். பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. பிளேயர் திரை தமிழ் எழுத்தைக் காட்டும் என்று நம்பிப் போகக் கூடாது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'வா' என்பதற்கு ஒருவர் ஒரு 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு. 'ழ'வுக்கு ஒருவர் 'இசட்-எச்', ஒருவர் வெறும் 'எல்'. இருட்டில், பாட்டு முடிய 40 நொடி இருக்கும்போது தேடினால் கிடைக்காது. ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் ஒரே முறையில் எழுதிவிடட்டும்.

அடுத்தது தாளம். இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ரெக்கார்ட்பாக்ஸ் மாதிரி டிஜே மென்பொருள் எல்லாம் நாலுக்கு நாலு தாளத்தை எதிர்பார்க்கும். நம் கானா, தப்பாங்குத்து அடி பெரும்பாலும் ஆறெட்டு (6/8). காலால் தட்டினால் நிமிடத்துக்கு 120 அடி வரும் குத்துப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று சின்ன அடி, ஆக நிமிடத்துக்கு 360. மென்பொருள் அந்த 360-ஐ நாலு நாலாகப் பிரித்து 90 என்று சொல்லும், அல்லது இரண்டிரண்டாகப் பிரித்து 180 என்று சொல்லும். அதை நம்பி லூப் (ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது) போட்டால் பாதி அடியில் வெட்டும், ஆடுபவர்களின் கால் தடுமாறும். வழி எளிது: பாட்டை ஓடவிட்டு, வேகத்தைத் தட்டிக் காட்டும் 'டாப்' பட்டனைக் காலடிக்குத் தட்டி, 120 என்று கையால் திருத்தி, மென்பொருள் அடிகளுக்குப் போடும் கோடுகளான கிரிட்டின் முதல் கோட்டைப் பறையின் முதல் அடியில் கொண்டு நிறுத்துங்கள்.

அந்தத் தவறான 90-இல் ஒரு நல்ல விஷயமும் ஒளிந்திருக்கிறது. 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 பீட்) ராப் பாட்டில் ஒரு பீட்டை நாலாகப் பிரித்தாலும் நிமிடத்துக்கு அதே 360 சின்ன அடிதான். அதாவது 120 குத்தும் 90 ராப்பும் உள்ளுக்குள் ஒரே வேகத்தில் துடிக்கின்றன. குத்தையும் நாலு காலடிக்கு ஒரு பார் என்று எண்ணினால், குத்தின் 4 பார், ராப்பின் 3 பார், நீளம் ஒன்றுதான். குத்துப் பாட்டின் கடைசிப் பகுதியில் பாஸை (தாழ்ந்த ஒலியை) குறைத்து, ஷேக்கரோ பறையின் குச்சிச் சத்தமோ மட்டும் மிஞ்சும்படி ஃபில்டரைத் திருப்புங்கள். ராப் பாட்டின் ஹை-ஹாட்டை (டிரம்ஸின் இரட்டைத் தட்டுச் சத்தம்) அதன் மேல் ஏற்றி, முதல் அடிகள் சந்திக்கும் இடத்தில் ராப்பின் பாஸைத் திறந்தால், வேகம் குறைந்ததே கூட்டத்துக்குத் தெரியாது, நடை மட்டும் மாறியிருக்கும். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் கலக்கும் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரி குழுக்களின் பாட்டுக்குப் பிறகு எங்கே போவது என்று விழிக்கும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். 80 ராப் என்றால் கிட்டத்தட்ட 107 குத்து. அந்த 80-ஐ நாலால் பெருக்கி மூன்றால் வகுத்தால் வருகிறது.

கிளிக் இல்லாமல் வாசித்த பாட்டுகளில் சரணத்தில் 98, பல்லவியில் 102 என்று ஓடும். அது தவறில்லை, அதுதான் அந்தப் பாட்டின் உயிர். ஆனால் இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே ஒன்றாக்கும் சிங்க் பட்டனை நம்பினால் அடுத்த பாட்டையும் சேர்த்து இழுத்து அலைக்கழிக்கும். இந்த வகைப் பாட்டுகளை வேகம் மாறுவதைக் கணக்கில் எடுக்கும் டைனமிக் முறையில் மென்பொருளில் அனலைஸ் செய்து, சிங்கை அணைத்துவிடுங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஓடும் நேரம் 8 பாருக்கு மேல் வேண்டாம். வேகத்தை மாற்றுவதும் 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 6 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒரு அரைசுரம். வேகம் மாறினாலும் சுருதியை மாறவிடாத கீ லாக் போடாவிட்டால் குரல் மாறிப்போகும், போட்டால் டிரம்ஸ் கொழகொழக்கும்.

உண்மையில் இண்டிக்கு மிக்ஸிங்கைவிட வெட்டுதல்தான் நன்றாகப் பொருந்துகிறது. பாட்டின் கடைசிச் சொல்லில் ஒரு பீட் எக்கோவைப் பிடித்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கி, எக்கோ தேயும்போது அடுத்த பாட்டின் முதல் சொல்லைத் தொடங்குவது. இதற்கு எல்லாப் பாட்டிலும் ஹாட் க்யூ (பட்டனை அமுக்கினால் உடனே தாவும் இடக்குறி) மூன்று வைத்தால் போதும்: முதல் குரல், டிரம்ஸ் நுழையும் இடம், வெளியேற வசதியான இடம். எட்டு வரை வைத்தால் எது எதற்கென்று மறந்துவிடும்.

தொடக்கம் ரொம்ப நீளமாக, தாளமே இல்லாமல் இருக்கும் பாட்டுகளுக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருளில் ஒரு எடிட் செய்துவைக்கலாம். பாட்டுக்குள்ளேயே டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் 2 அல்லது 4 பாரை நகலெடுத்து, 8 பார் ஆக்கி, முன்னால் ஒட்டுவது. ஒட்டும் இடத்தில் 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது ஏறுவது) வைக்காவிட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஹெட்ஃபோனில் அது லேசாகத்தான் கேட்கும், பாரில் எல்லோருக்கும் கேட்கும். டிரம்ஸ் தனியாக எங்கும் கிடைக்கவில்லை என்றால் குரல், டிரம்ஸ் என்று ஸ்டெம்களாகத் தனித்தனியே பிரிக்கும் மென்பொருள் இருக்கிறது. சிம்பல் தண்ணீருக்குள் ஒலிப்பது போல் வந்தால் அந்த எடிட்டை விட்டுவிடுங்கள். கலைஞரின் அனுமதி இல்லாமல் இவற்றை இணையத்தில் எங்கும் ஏற்றவும் வேண்டாம்.

சத்த அளவு அடுத்த பிரச்சினை. இன்றைய சினிமாக் குத்துப் பாட்டு -8 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சத்தத்தை அளக்கும் அலகு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) பக்கம் நிற்கும், வீட்டில் பதிவான இண்டி பாட்டு -14, சில நேரம் அதற்கும் கீழே. 6 டெசிபல் வித்தியாசம். ஒன்றுக்குப் பின் ஒன்று போட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். மென்பொருளின் ஆட்டோ கெய்ன் ஓரளவு சரிசெய்யும், மிச்சத்தை ஒவ்வொரு பாட்டுக்கும் மீட்டரைப் பார்த்து மிக்ஸரின் டிரிம் குமிழில் திருத்த வேண்டும். மிக்ஸரில் சிவப்பு எரியவே கூடாது. சத்தம் போதவில்லை என்றால் ஆம்பில் (ஆம்பிளிஃபயரில்) ஏற்றச் சொல்லுங்கள்.

ஸ்டீரியோவும் கவனிக்க வேண்டியது. பல பார்களில் கூரையில் பதித்த சின்ன ஸ்பீக்கர்கள் மோனோவில்தான், அதாவது இடதும் வலதும் கலந்த ஒரே ஒலியாகத்தான், ஓடுகின்றன. ஒரே கிட்டாரைச் செயற்கையாக இடதும் வலதுமாக விரித்த மிக்ஸ் மோனோவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கிட்டாரே காணாமல் போகும். வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் ஒருமுறை மோனோவில் கேட்டு, காணாமல் போகும் பாட்டுகளை அந்தப் பார் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நாலு மணி நேரத்துக்கு, ஒரு பாட்டு சராசரி மூன்றரை நிமிடம் என்றால், 70 பாட்டுக்குக் கிட்டே வரும். 200 பாட்டு ஏற்றுங்கள். பிளேலிஸ்ட்டைக் கலைஞர் பெயரில் பிரிக்காமல் நேரத்தின் மனநிலையில் பிரியுங்கள்: உட்கார்ந்து பேசும் நேரம், தலையாட்டும் நேரம், ஆட்டம், இறக்கம். ஆளுக்கொரு பென் டிரைவ் என்பது பார்க்க ஜாலியாக இருக்கும், நடைமுறையில் தொல்லை. ஒரே டிரைவில் நாலு பேர் ஃபோல்டரும் இருந்தால், போட்ட பாட்டு பிளேயர் திரையில் நிறம் மாறித் தெரியும், மற்றவர் அதையே திரும்பப் போடமாட்டார். டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்யுங்கள். மேக்கில் செய்பவர்கள் டிரைவின் பகுப்பு முறையைக் குறிக்கும் ஸ்கீமை எம்பிஆர் என்று மாற்ற மறப்பார்கள், அப்படி மறந்த டிரைவைப் பல பிளேயர்கள் கண்டுகொள்ளவே செய்யாது. அச்சு அசலாக இன்னொரு டிரைவ் நகல், வேறொருவர் பையில்.

வீட்டில் லேப்டாப்போடு இணைக்கும் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 மாதிரி கண்ட்ரோலரில் பழகிவிட்டு பாரில் லேப்டாப் இல்லாமலே ஓடும் எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 அல்லது சிடிஜே பிளேயர் ஜோடியைப் பார்த்தால் கொஞ்சம் முழிக்கத்தான் வேண்டும். பட்டன்கள் இருக்கும் இடம் வேறு. பாரில் எதுவுமே இல்லை, கண்ட்ரோலரைத்தான் தூக்கிப் போக வேண்டும் என்றால், எஃப்எல்எக்ஸ்4-இல் ஸ்பீக்கருக்குப் போகும் மாஸ்டர் அவுட் ஆர்சிஏ சொருகு மட்டும்தான், நீள ஒயருக்குத் தாங்கும் எக்ஸ்எல்ஆர் கிடையாது, டிஜே கேட்பதற்கான ஸ்பீக்கருக்குப் பூத் அவுட்டும் கிடையாது. ஆர்சிஏ ஒயர் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் இரைச்சலை இழுக்கும், பார் மிக்ஸருக்குப் பக்கத்திலேயே மேஜை போடச் சொல்லுங்கள். ஆர்சிஏ-க்கு 6.35 மில்லிமீட்டர் கன்வெர்ட்டர் இரண்டு, ஹெட்ஃபோனுக்கு 3.5-லிருந்து 6.35 அடாப்டர் இரண்டு (ஒன்று கட்டாயம் தொலையும்), மூன்று பின் எக்ஸ்டென்ஷன் போர்டு, சின்ன டார்ச், இன்சுலேஷன் டேப். எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் கிடைக்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும்.

சவுண்ட் செக்குக்கு கூட்டம் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். நெரிசலுக்குப் பெயர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வருபவர் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்று பாட்டு போதும்: குரல் முன்னால் நிற்கும் ஒன்று, பாஸ் கனமான ஒன்று, கிட்டார் இரைச்சல் நிறைந்த ஒன்று. ஒருவர் கன்சோலில் நிற்க, மற்றவர்கள் பார் கவுண்டர், மூலை மேஜை, கழிவறை வாசல் என்று நடந்து கேளுங்கள். தமிழ் இண்டியில் வரி புரிய வேண்டும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். காலி ஹாலில் ட்ரெபிள் கூர்மையாகக் கேட்கிறது என்று ரொம்ப வெட்டிவிட வேண்டாம், ஆட்கள் நிறைந்ததும் அவர்களே அதை உறிஞ்சிவிடுவார்கள். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், பார் ஸ்பீக்கரால் அதைப் பெரிதாகக் கொடுக்கவும் முடியாது, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் தாழ்ந்த ஒலிதான்.

முதல் ஒரு மணி நேரம் வெயிட்டர் காதில் ஆர்டர் விழ வேண்டும். அக்கூஸ்டிக், மெதுவான நாட்டுப்புற ராக் எல்லாம் இங்கே. 9.30 வாக்கில் யாராவது மேஜையில் தாளம் தட்ட ஆரம்பிப்பார்கள். அந்த மேஜையைப் பார்த்தே அடுத்த பத்துப் பாட்டைத் தீர்மானிக்கலாம். ஆட்டத்துக்கு என்று வைத்த பாட்டையெல்லாம் 10 மணிக்கே கொட்டித் தீர்ப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. 11-க்கு மேல் கையில் ஒன்றும் இருக்காது. நாலு பேர் மாறி மாறி என்றால் ஆளுக்கு மூன்று பாட்டு. ஒரு பாட்டு மட்டும் என்றால் ஒருவர் கட்டியதை அடுத்தவர் கலைப்பார். கன்சோலில் இல்லாத மூவரில் ஒருவர் விருப்பப் பாட்டு கேட்டு வருபவர்களைச் சமாளிக்கட்டும்.

கேட்டு வருபவர்கள் வராமல் இருக்கமாட்டார்கள். "ப்ரோ, ஒரே ஒரு தளபதி பாட்டு!" முகத்தில் அடித்த மாதிரி மறுத்தால் அந்த மேஜையே கசந்துபோகும், சரி என்று போட்டால் அடுத்து தலைவர் பாட்டுக்கு ஆள் வரும், ராத்திரி சினிமா நைட் ஆகிவிடும். இண்டியிலிருந்து சினிமாவுக்குப் போன ஷான் ரோல்டன் மாதிரி ஆட்களின் பாட்டு இந்த இடத்துக்கு என்றே இருக்கிறது. மணிக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. உடனேயே அதே குரலின் சினிமா அல்லாத பாட்டு ஒன்றைத் தொடுத்தால், கேட்டு வந்தவர் "இது யாருது?" என்று திரும்ப வருவார். பெயரை எழுதிக் கொடுக்க ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சத்தத்தில் வாயால் சொல்லிப் புரியாது.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் எர்த் பிரச்சினை. லேப்டாப்பையும் மிக்ஸரையும் ஒரே போர்டில் சொருகுங்கள், இல்லையென்றால் இந்த இரைச்சலை வெட்டும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைக் கேளுங்கள். எர்த் பின்னை உடைப்பது மட்டும் கூடவே கூடாது, ஷாக் அடித்தால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் மாஸ்டரை (மொத்தச் சத்தக் குமிழை) முழுக்க இறக்கிவிடுங்கள், ஆம்ப் திரும்ப உயிர் பெறும்போது 'டம்' என்று அடித்து ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும். பிளேயர்கள் திரும்பக் கிளம்பும்வரை கைபேசியை மிக்ஸரின் ஆக்ஸ் நுழைவில் சொருகி ஓட்ட, கைபேசியிலேயே பத்துப் பாட்டு இறக்கி வையுங்கள். பாட்டு ஓடும்போது யாராவது பென் டிரைவை உருவிவிட்டால் பல பயனியர் பிளேயர்கள் கடைசிச் சில பீட்டை லூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். பதறாமல், அடுத்த பிளேயரில் நகல் டிரைவிலிருந்து ஏற்கனவே ஏற்றியது இருந்தால் அதற்குத் தாவுங்கள். அதற்காகத்தான் அடுத்த பாட்டை எப்போதும் ஒரு நிமிடம் முன்னாலேயே ஏற்றிவைக்க வேண்டும். பீர் கிளாஸ் கன்சோல் மேஜையில் ஏறக் கூடாது. இதை நண்பர்களிடம் கறாராகச் சொல்ல ஒருவர் வேண்டும், நாலு பேரில் அதிகம் குடிக்காதவரே அதற்கும் சரி, கணக்கு பார்ப்பதற்கும் சரி.

காதுக்கு இயர் பிளக் வாங்குங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் பாதி நேரம்தான் தாங்கும் என்பது வேலையிடப் பாதுகாப்புக் கணக்கு. 100 டெசிபலில் 15 நிமிடம். கன்சோல் பக்கம் 100 சர்வ சாதாரணம். மூன்று பாட்டு முறையில் மாறி மாறி நிற்பதில் இந்த லாபமும் உண்டு.

மெட்ரோ 11 மணி வாக்கில் நின்றுவிடும், பையும் கண்ட்ரோலருமாக 1 மணிக்கு ஆட்டோ பிடிப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும் நண்பர் வீட்டில் பாய் விரித்துக்கொள்வது உத்தமம். பேசிய தொகையையும் சாப்பாட்டுக் கணக்கையும் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள், "திங்கள்கிழமை அனுப்புகிறோம்" என்பது சில இடங்களில் அடுத்த மாதம்வரை இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை தோசைக்குப் பிறகு டிரைவை லேப்டாப்பில் போட்டால், ரெக்கார்ட்பாக்ஸின் ஹிஸ்டரியில் முந்தின ராத்திரி ஓடிய பாட்டெல்லாம் வரிசையாக இருக்கும். அதில் பாதியில் வெட்டப்பட்டவை எவை, கூட்டம் கூடவே பாடியவை எவை என்று நினைவு இருக்கும்போதே குறித்து, சம்மதம் கொடுத்த கலைஞர்களுக்கு எத்தனை மணிக்கு அவர்கள் பாட்டு ஓடியது என்று ஒரு வரியும், யாராவது ஆடும் வீடியோ எடுத்திருந்தால் அதையும் அனுப்பிவிடுங்கள். அடுத்த பாட்டை வெளியிடும் முன்னாலேயே அதை உங்களுக்கு அனுப்பிவைக்கிறவர்கள் அவர்களில் இருந்து வருவார்கள்.